காற்றில்லாமல் ஆடிய செடி

அமெரிக்காவில் என் மகனை எல்லோரும் மிஸ்டர் ஆவுடையப்பன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆவுடையப்பன் நான். அவன் பெயர் நெல்லையப்பன். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியல்தானே? கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று ஆளாளுக்கு ஒரு பெயரை எழுதி வைத்தோம். மகனுக்கு அப்பா பெயர், அதாவது நான். மனைவி பிரமநாயகிக்குப் புருஷன் பெயர், அதுவும் நான். எனக்கு என் அப்பா பெயர், சங்கரலிங்கம். ஆக, வெள்ளைக்காரன் கணக்கில் அவர்கள் இரண்டு பேரும் ஆவுடையப்பன் குடும்பம். ஆவுடையப்பனாகிய நான் வேறு குடும்பம். விமான நிலையத்தில் அதிகாரி என்னைக் காட்டி, "இவர் உங்களுக்கு யார்?" என்று பிரமநாயகியிடம் கேட்டார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் குப்பை கொட்டியவன் நான். கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையில் எந்தச் சிறுபாலம் எந்த வருடம் போட்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதனால் யூட்டாவில் பாலைவனச் சாலை ஒன்று இருக்கிறது, செக்கச் சிவந்த பாறைப் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே நூற்றிருபது மைல் போகிறது, உலகத்திலேயே அழகான சாலை என்று மகன் சொன்னபோது கூட வரச் சம்மதித்தேன். சாலை என்றால் பார்த்துவிட வேண்டும், குறை சொல்வதற்காகவாவது.

வண்டி தானே ஓடுகிற வண்டி. அது எனக்குப் புதிதில்லை, எங்கள் தெருவிலேயே இப்போது இரண்டு நிற்கின்றன. புதிது அதன் கண்ணாடி. முன்னே, பக்கத்தில், தலைக்கு மேலே எல்லாம் கண்ணாடி. ஆனால் வெளியே இருப்பது அதில் அப்படியே தெரியாது. வெளியே இருப்பதை வாங்கி, குளிப்பாட்டி, பவுடர் போட்டு உள்ளே காட்டும். வெளியே இருக்கிறவன் உள்ளே பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. உள்ளே இருக்கிறவனுக்குத்தான் இந்தச் சிங்காரம்.

பெற்றோருக்காக மகன் வண்டியைத் தமிழில் பேச வைத்திருந்தான். யாரோ ஒருத்தி கல்வெட்டுத் தமிழில் ஆரம்பித்தாள்.

"வணக்கம். இன்றைய பயணத்துக்கு ஏகாந்தம் தொகுப்பைத் தேர்ந்தெடுத்துள்ளீர்கள். தங்கள் குடும்பப் பெயரைக் கூறவும்."

"ஆவுடையப்பன்" என்றான் மகன்.

"நன்றி. ஆவுடையப்பன் குடும்பத்தாரைத் தவிர வேறு எவரும் தங்கள் பார்வையில் பட மாட்டார்கள்."

"என்னல சொல்லுதா இவ?" என்று கேட்டேன்.

"இந்த ரோட்ல எப்பவும் கூட்டம்ப்பா. ஊரு உலகமே வருது. காரு, பஸ்ஸு, போட்டோ எடுக்கவன், குப்பை போடுதவன். இந்தத் தொகுப்பு எடுத்தா அது எல்லாத்தையும் கண்ணாடி அழிச்சிரும். ரோடும் மலையும் நாமளும் மட்டும்தான்."

"அழிச்ச எடத்துல என்ன தெரியும்?"

"அந்தந்த எடத்துக்குப் பொருத்தமா ஒண்ணை வரைஞ்சுக்கும். பாறை, செடி, கொடி."

"ஆளை அழிச்சா இடிச்சிராதா வண்டி?"

"வண்டிக்கு எல்லாம் தெரியும்ப்பா. நமக்குத்தான் தெரியாது."

கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம் பூனை. அந்தப் பூனையாவது ஓசியில் மூடிக்கொண்டது. இவன் சம்பளத்தைக் கொடுத்து மூடிக்கொள்கிறான். சொன்னேன். பிரமநாயகி, "வந்த எடத்துலயும் ஆரம்பிச்சிட்டீயளா" என்று புளியோதரைத் தூக்கைத் திறந்தாள்.

அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். மாடி மாடியாகச் சிவப்புப் பாறை. நீல வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வளைவு திரும்பினால் ஒரு கழுகு வட்டமிட்டது. அடுத்த வளைவிலும் ஒரு கழுகு. மூன்றாவது வளைவில் அதே கழுகு, அதே இடப்பக்கச் சாய்வு. நான் மகனைப் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நட்டநடு வெறுஞ்சாலையில் வண்டி அடிக்கடி ஊர்ந்தது. முன்னே ஒரு ஈ காக்கை இல்லை. ஆனாலும் மாட்டுவண்டி வேகம்.

"ஏன்ல உருட்டுது?"

"தாங்கள் இயற்கையை ரசிப்பதற்காக வேகத்தைக் குறைத்துள்ளேன்" என்றாள் அந்தத் தமிழச்சி.

முன்னால் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டிராபிக் ஜாமுக்கு இப்படி ஒரு பெயர் வைக்கலாம் என்று எங்கள் துறையில் ஒருவனுக்கும் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

பதினோரு மணி வாக்கில் ஒரு கொண்டை ஊசி வளைவு வந்தது. வண்டி அங்கேயும் வேகம் குறைந்தது, ஏறக்குறைய நின்றேவிட்டது. சாலை ஓரத்தில் ஆளுயரச் செடி ஒன்று, நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் பூங்கொத்தோடு, தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த செடிகள் எல்லாம் அசையாமல் நின்றன.

"இங்க பாரேன்" என்று விரலை நீட்டினேன். "எல்லாச் செடியும் சும்மா நிக்கி, இதுக்கு மட்டும் பேய் புடிச்சிருக்கு. வரையுதவனுக்குக் காத்துன்னா என்னன்னே தெரியல."

பிரமநாயகி சிரித்தாள். மகனும் சிரித்தான். அன்று காலையிலிருந்து நான் சொன்னதில் அவன் சிரித்தது அதற்கு மட்டும்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது, இன்னொரு தடவை கைநீட்டிச் சிரித்தேன். வண்டி மெதுவாக அந்தச் செடியைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

பேச்சு காற்றிலிருந்து மழைக்குப் போய், மழையிலிருந்து ஜல்லிக்குப் போய், மாடத்தி கதைக்கு வந்தது. மகன் ஆயிரம் தடவை கேட்ட கதை. கயத்தாறு பக்கம் தார் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் சாலைப் பணியாளர் மாடத்தி சிவப்புக் கொடி காட்டி நின்றாள். ஒரு லாரிக்காரன் நிற்காமல், அவள் கொடியாட்டுகிற மாதிரியே கையை ஆட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே, கொதிக்கிற தார் மேல் ஏற்றிப் போனான். ஜீப்பில் துரத்திப் பிடித்து, இறக்கி, கன்னத்தில் ஒன்று வைத்தேன். மெமோ வந்தது. வந்தால் என்ன? கொடி பிடிக்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிறவனை வேறு என்ன செய்வது? கதையை முடித்தபோது மகன், "தெரியும்ப்பா" என்றான்.

அரை மணி கழித்து வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றது.

"காட்சி முனை எண் ஏழு. இங்கே இருபத்தைந்து நிமிடங்கள் தரித்திருப்போம்."

இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறைச்சுவர். நடுவே மணல் படுகை, அதன் மேல் படுத்த மாதிரி சாலை. கண்ணாடி அதில் மஞ்சள் பூக்களை வாரி இறைத்திருந்தது. பூவை விடுங்கள். நான் அந்தப் படுகையைப் பார்த்தேன்.

"ஏல, இது தரைப்பாலம்ல" என்றேன். "ஓடைக்கு நடுவுல நிப்பாட்டியிருக்கான். எந்தக் கேணப்பயலாவது தரைப்பாலத்து மேல வண்டியை நிறுத்துவானா?"

"மழையே இல்லையேப்பா. வானத்தைப் பாருங்க."

"எந்த வானத்தை? இவ காட்டுத வானத்தையா? குத்தாலத்துல கீழ வெயிலடிக்கும்போதே மேல பேஞ்ச மழை வந்து ஆளை அடிச்சிட்டுப் போவும், பாத்ததில்லையா நீ?"

"அதெல்லாம் வண்டி பாத்துக்கும்ப்பா."

சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கோபத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வரும். இறங்கினால்தான் ஆச்சு. மகன் ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டி, "இதைப் போட்டுக்கிடுங்க, வெளியவும் ஏகாந்தமா இருக்கும்" என்றான். "மூக்கு மேல ஏற்கெனவே ஒண்ணு இருக்குடே, அது ஒழுங்காக் காட்டுது" என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டோடு கதவைத் திறந்தேன்.

வெளியே பதினொரு கார்கள் நின்றன. எங்களுடையது நான்காவது. முட்டிக்கொள்ளாத குறையாக ஒன்றின் வாலில் ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலு பேர் ஐந்து பேர் மேலே பார்த்து, வாயைப் பிளந்து, ஆனந்தமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தரும் தான் மட்டுமே இந்தப் பூமியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பூ ஒன்றுகூட இல்லை. பிளாஸ்டிக் பாட்டில்கள் இருந்தன.

வானம் வடக்கே அம்மி மாதிரி கறுத்திருந்தது.

ஓடையில் மேல்பக்கமாக நடந்து, பாறைத் திருப்பத்தைத் தாண்டிக் கரையில் ஏறினேன். வந்த காரியத்தை முடித்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தால், என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில், பாறை இடுக்கில் முழு மரம் ஒன்று சிக்கிக் கிடந்தது. அது அங்கே தானாக ஏறிப் படுத்திருக்காது. அப்போது ஈர மண் வாசம் வந்தது. பிறகு சத்தம். டிப்பர் லாரி ஜல்லி கொட்டுகிற சத்தம், ஆனால் நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கிற சத்தம். அது இன்னும் கண்ணில் படவில்லை. ஏழெட்டு நிமிடம் இருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கரையோடு ஓடி வந்தேன். எழுபத்தொரு வயது முழங்கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. சாலைக்கு நேராக வந்ததும் துண்டை உருவித் தலைக்கு மேலே சுழற்றி, "ஏல நெல்லை, வண்டியை எடு, மேல ஏத்து" என்று கத்தினேன். வண்டிக்குள் புல்லாங்குழல் இசை ஓடிக்கொண்டிருந்தது, கத்தல் உள்ளே கேட்காது என்று எனக்குத் தெரியும். பிரமநாயகி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நேராக என்னைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வருடமாக என்னைப் பார்க்கிறவள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு வாய் புளியோதரையை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே மென்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் விளங்கியது. ஆவுடையப்பன் குடும்பத்தார் தவிர வேறு எவரும் பார்வையில் பட மாட்டார்கள் என்று அந்தப் பாதகத்தி சொன்னாள் அல்லவா? டிக்கெட்டில் நான் சங்கரலிங்கம். என் பெயரைச் சொல்லித்தான் என்னை அழித்திருக்கிறான் என் பிள்ளை.

சரிவில் உட்கார்ந்து சறுக்கி இறங்கினேன். எழுந்து நின்று மறுபடி துண்டைச் சுழற்றினேன், தார் போடும்போது லாரியை நிறுத்துகிற மாதிரி, மூன்று சுற்று, ஒரு வெட்டு, மூன்று சுற்று, ஒரு வெட்டு. கெட்ட வார்த்தையும் சொன்னேன். பிரமநாயகி மெல்லுவதை நிறுத்தினாள். மகன் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அவன் சிரித்துத் தலையாட்டினான். அவள் மறுபடி சொன்னாள். அவன் மறுபடி தலையாட்டினான். அவள் தூக்குப் போணியை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

ஒரு காலை வெளியே வைத்தவள் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் வடக்கே வானத்தைப் பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு உள்ளே நடந்ததை மகன் பிற்பாடு சொன்னான். "எடு" என்றால் வண்டி எடுக்கவில்லையாம். "பயணி ஒருவர் இன்னும் திரும்பவில்லை" என்றாளாம் தமிழச்சி. சீட்டுக் கணக்கில் நான் உண்டு, குடும்பக் கணக்கில்தான் இல்லை. ஏகாந்தத்தை நிறுத்து என்றால், "இன்னும் பத்தொன்பது நிமிடங்கள் மீதமுள்ளன, உறுதியாகக் கைவிட விரும்புகிறீர்களா?" என்று கேட்டாளாம். கடைசியில் அவன் காலடியில் மூடியைப் பிய்த்து, உள்ளே மடக்கி வைத்திருந்த ஸ்டியரிங்கை இழுத்து, வரிசையிலிருந்து உருவித் திருப்பி, வந்த பக்கக் கரையிலேயே ஏறினான். பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரிந்திருந்தது. பாளையங்கோட்டை மைதானத்தில் நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

அவன் இறங்கி ஓடி வந்தான். இரண்டு பேருமாக மற்ற பத்து வண்டிகளின் கண்ணாடியிலும் கல்லெடுத்து அடித்தோம். கல் பட்ட இடத்தில் மட்டும் படம் செத்து, உள்ளங்கை அகலத்துக்கு நிஜ வானம் தெரிந்தது. அதைப் பார்த்தவன்தான் வண்டியை எடுத்தான். எல்லாம் அதே கரையில் ஏறிவிட்டன. கடைசி வண்டி ஏறி ஒரு பீடி குடிக்கிற நேரம்கூட இருக்காது, மண்ணும் மரமும் நுரையுமாக ஓடை வந்து, காட்சி முனை எண் ஏழைத் துடைத்துக்கொண்டு போயிற்று.

கடைசி வண்டிக்காரர் தன் பயணத்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்திருந்ததை மகன் அப்புறம் காட்டினான். அருமையான மௌனத்தின் நடுவே ஒரு புதர் வந்து ஜன்னலைத் தட்டியது, கவனிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்.

கரையில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரமநாயகி பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கையில் மண்ணைத் தட்டினாள்.

"எப்படித் தெரிஞ்சது ஒனக்கு?"

"ஒரு செடிதான் தெரிஞ்சுது. வெள்ளைப் பூ ஒண்ணு சுத்திச் சுத்தி வந்து பொத்துனு விழும், திரும்பச் சுத்தும். காத்துங்கான் இவன். காத்து எங்கயாவது அப்படிக் கோவமா அடிக்குமா? ஒங்க அப்பாதாம்ல அது, திட்டிக்கிட்டு நிக்காருன்னு சொன்னேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொன்னேன். அவளும் நம்பின மாதிரி இருந்தாள்.

அப்போது வந்த வழியிலிருந்து ஒரு பழைய பிக்கப் வண்டி வேகமாக வந்து நின்றது. ஆரஞ்சு நிறச் சட்டைக்காரி ஒருத்தி இறங்கினாள். ஐம்பது வயது இருக்கும். அந்தப் பகுதிக்காரி, சாலை வேலை பார்க்கிறவள் என்று சட்டையைப் பார்த்தாலே தெரிந்தது. ஓடையைப் பார்த்தாள், கரையில் நின்ற வண்டிகளை விரல் விட்டு எண்ணினாள், பதினொன்று என்றதும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். நம்ம துறை ஆள் அல்லவா, நான் எழுந்து கும்பிட்டேன். அவள் கும்பிடவில்லை. என் முகத்தையே பார்த்து, மகனிடம் மெதுவாக ஏதேதோ பேசிவிட்டுத் திரும்பிப் போனாள்.

"என்னல சொல்லுதா?"

"ஒண்ணுமில்லப்பா. நல்லவேளைன்னு சொல்லுதாங்க."

அவள் ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை, ஆனால் நல்லவேளை என்பதற்கு இத்தனை வார்த்தை வேண்டாம். பிக்கப்பின் பின்பக்கம் அட்டை ஒன்று கிடந்தது, வெள்ளை அட்டை, ஏதோ கையால் பெரிதாக எழுதியிருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு நான் பெரிய வீரன். வீடு போய்ச் சேரும்வரை கண்ணாடிக் கம்பெனிக்காரனை, மகனை, பாஸ்போர்ட்டை, வெள்ளைக்காரனை எல்லாம் வறுத்தெடுத்தேன். இந்தக் கூட்டத்துக்கே கண் இல்லை என்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் என்றேன். மகன் தலைகுனிந்து கேட்டுக்கொண்டு வந்தான்.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து நினைவுப் படம் வந்தது. பயணம் முழுவதையும் பாதி வெளியே, பாதி உள்ளே என்று பிரித்து எடுத்துக் கோத்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்து பார்த்தோம். கழுகு வந்தது. கழுகு வந்தது. நான் கேலி செய்தேன். கொண்டை ஊசி வளைவு வந்தது.

திரையின் ஒரு பக்கம் செடி, அதன் நடுவில் வெள்ளைப் பூங்கொத்து. மறுபக்கம் வண்டிக்குள் நாங்கள். செடி ஆடிற்று. மூன்று சுற்று, ஒரு வெட்டு என்கிற என் முறை இல்லை. அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரிக்கு அவளுடைய முறை. இரண்டு பக்கமும் வீசி, அட்டையை நெஞ்சோடு தூக்கிக் காட்டி, மறுபடி வீசி.

பிரமநாயகி என் பக்கம் திரும்பவில்லை.

"நெல்லை" என்றேன். "அன்னைக்கு அந்த அம்மா என்னல சொன்னா?"

அவன் படத்தை நிறுத்தப் போனான். வேண்டாம் என்று கையமர்த்தினேன்.

"காலையில இருந்து அங்கயே நின்னேன், மலை மேல மழையைப் பாத்துட்டுத் தண்ணி வருதுன்னு எழுதிக் காமிச்சேன்னு சொன்னாங்க. பதினோரு வண்டியும் மெதுவா வந்து, பாத்துட்டு, சுத்திக்கிட்டுப் போயிட்டாம். எதுக்குன்னே புரியலையாம்." அவன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "ஒங்களை மட்டும் ஞாபகம் இருக்குன்னாங்கப்பா. இவர்தான் என்னைக் கைநீட்டிச் சிரிச்சாருன்னு."

"செடின்னு நெனச்சோம்னு நீ சொல்லலியா?"

"சொன்னேன்ப்பா. செடியைப் பாத்து யாராவது அப்படிச் சிரிப்பாங்களான்னு கேட்டாங்க."

திரையில் என் கை இரண்டாவது தடவை நீண்டது. மாடத்திக்காக லாரிக்காரனை அறைந்த கை. மூன்று பேரும் சிரிக்கிறோம், மகன் எவ்வளவு சந்தோஷமாகச் சிரிக்கிறான். வண்டி மெதுவாகச் செடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. பின்கண்ணாடியில் அது சிறிதாகும்வரை ஆடிக்கொண்டே இருக்கிறது.

"ஒங்களை எனக்குத் தெரிஞ்ச மாதிரி, அவளையும் அடையாளம் தெரிஞ்ச ஒருத்தர் எந்த வண்டியிலயாவது இருந்திருக்கலாம்" என்றாள் பிரமநாயகி, எழுந்து போகும்போது.

அடுத்த நாள் காலையில் மகனிடம் அந்தச் சாலைக்கு மறுபடி ஒரு தடவை போக வேண்டும் என்றேன். கண்ணாடி இல்லாத வண்டி கிடைக்காதே அப்பா என்றான். பரவாயில்லை, அந்த வளைவில் என்னை இறக்கிவிடு, கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்றேன்.